நான் போட்ட கும்பிடு

மேஸ்திரிக்கு நான் பட்ட கடன் பதினாலாயிரத்து எழுநூற்று ஐம்பது. மகளுக்கு ஃபோன் வாங்கப் பட்டது. வாரக் கூலியில் இருநூற்றைம்பது பிடித்துக்கொள்வதாகப் பேச்சு. ஐம்பத்தொன்பது வாரம் ஆகும். அவர் நோட்டில் எழுதினார், எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார், மை டப்பாவை நீட்டினார். கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். விரலைச் சட்டை ஓரத்தில் துடைத்துக்கொண்டு நேரே ஃபோன் கடைக்குப் போனேன்.

நான் கிடங்கில் மூட்டை இறக்குகிறவன். ஒரு லாரிக்கு ஆறு பேர், நாளைக்கு இரண்டு லாரி, சில நாள் மூன்று. கூட்டாளிகள் என்னைச் சோடா என்று கூப்பிடுவார்கள். கூலி நாளில் அவர்கள் குடிக்கப் போகும்போது நானும் கூடப் போவேன். ஒரு சோடாவை முன்னால் வைத்துக்கொண்டு எல்லாரும் எழுந்திருக்கும் வரை உட்கார்ந்திருப்பேன். அந்த வாசனையே எனக்கு ஆகாது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், பின்னால் வருகிற விஷயத்துக்கு இது வேண்டும்.

மகளை வீட்டில் பாப்பா என்போம். பதினாறு வயசாகியும் பாப்பாதான். இனிமேல் வீட்டுப்பாடமெல்லாம் ஃபோனில்தான் வரும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். கொஞ்ச நாள் பக்கத்து பெஞ்சுக்காரியின் ஃபோனை வாங்கிப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண் முகம் சுளிக்கவில்லை, அவள் அம்மா சுளித்தாள். அன்றைக்குப் பாப்பா எதுவும் கேட்கவில்லை. சாப்பிடாமல் எழுந்து போனாள், அவ்வளவுதான். மறுநாள் நான் மேஸ்திரியிடம் போய் நின்றேன்.

ஃபோன் வந்த பிறகு வீட்டில் ஒரு ஆள் கூடிவிட்ட மாதிரி இருந்தது. பாடமும் படித்தாள், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பாடம் அரை மணி என்றால் மற்றது மூன்று மணி. படம் எடுப்பாள், ஜன்னல் வெளிச்சத்தில் அவள் அம்மாவைத் திருப்பித் திருப்பி உட்காரவைத்து எடுப்பாள். எடுத்ததைப் போடுவாள். போட்டுவிட்டு, அடுப்பில் பாலை வைத்தவள் மாதிரி அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். நாற்பது பேர் பார்த்தால் நன்றாகச் சாப்பிடுவாள். நாலு பேர் பார்த்தால் அம்மாவோடு சண்டை. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிறவள், நோயாளிகள் முகத்தைப் பார்த்தே நிலைமை சொல்லிவிடுவாள். "இதுக்குக் காய்ச்சல் மாதிரி ஏறி இறங்குதுங்க" என்றாள் என்னிடம். நான் சிரித்தேன்.

ஒன்பதாவது வாரம். அன்று மூன்று லாரி. வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தேன். கையில் எடுத்த கவளம் வாய்க்குப் போகும் முன்னாலேயே தூங்கிவிட்டேன். வாய் திறந்திருக்கிறது, கை பாதி வழியில் நிற்கிறது, தலை மெல்ல மெல்ல ஒரு பக்கமாகச் சாய்கிறது, சட்டென்று நிமிர்கிறது, மறுபடி சாய்கிறது. பாப்பா அதை வீடியோ எடுத்துவிட்டாள். விழித்ததும் காட்டினாள். எனக்கே சிரிப்புத் தாங்கவில்லை. "போட்டுக்கட்டுமாப்பா?" என்றாள். "போடேன், என் மூஞ்சிய எவன் பார்க்கப்போறான்" என்றேன்.

பார்த்தார்கள். ஒரு வாரத்தில் மூன்று லட்சம் பேர் என்றாள். மூன்று லட்சம் என்றால் எவ்வளவு என்று எனக்கு மூட்டைக் கணக்கில்தான் தெரியும். எங்கள் கிடங்கு வருஷம் முழுக்க அவ்வளவு இறக்காது. தெருமுனை இஸ்திரிக்காரர் என்னைப் பார்த்து ஃபோனை ஆட்டிக் காட்டினார். கிடங்கில் லாரி டிரைவர்கள் வந்து "தூங்குற மாமா யாரு?" என்று கேட்டார்கள். எனக்கு உள்ளுக்குள் ஒரு இது. இருபத்தாறு வருஷம் மூட்டை சுமந்தபோது எவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை, தூங்கினதற்கு ஊரே பார்க்கிறதே என்று.

வீடியோவுக்குக் கீழே என்னென்னவோ எழுதியிருந்தார்கள். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. எனக்கு ஒரு எழுத்தும் தெரியாது. மஞ்சளாக, கண்ணில் தண்ணீர் வர உருண்டு சிரிக்கிற மூஞ்சிகள் மட்டும் தெரிந்தன. இத்தனை பேரைச் சிரிக்கவைத்திருக்கிறோமே என்று நினைத்தேன். என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பாப்பாவிடம் கேட்டேன்.

"நல்லா எழுதியிருக்காங்கப்பா" என்றாள்.

அவள் கண்ணடியில் கறுத்திருந்தது. சரியாகத் தூங்கவில்லை போல என்று நினைத்தேன். அதோடு விட்டேன்.

மறுநாள் கிடங்கில் எடைபோடுகிறவரிடம் கேட்டேன்: யாராவது நம்மைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் பதில் மரியாதை என்ன? அவர் தன் ஃபோனை எடுத்து, இரண்டு கை சேர்ந்த கும்பிடு படத்தைக் காட்டினார். இதை அழுத்தி அனுப்பினால் நன்றி என்று அர்த்தம், எழுதத் தெரிய வேண்டியதில்லை என்றார். எங்கே அழுத்துவது, எப்படி அனுப்புவது என்று இரண்டு தடவை செய்துகாட்டினார். அவர் நல்ல மனுஷர். அந்த வீடியோவை அவர் பார்த்திருக்கவில்லை.

அந்த வார விடுமுறை நாளில் பாப்பாவும் அவள் அம்மாவும் துணி துவைக்கக் குழாயடிக்குப் போயிருந்தார்கள். ஃபோன் அலமாரி மேல் கிடந்தது. ஒன்பது புள்ளியில் விரலால் இழுக்கிற பூட்டு, எனக்குச் சொல்லிவைத்திருந்தாள். திறந்தேன். ஒவ்வொருவராக, ஒருத்தரையும் விடாமல், கும்பிடு போட்டேன். எதையும் தாண்டிவிடக் கூடாது என்று விரலை வைத்துக்கொண்டு போனேன். சில பேர் நிறைய எழுதியிருந்தார்கள், அவர்களுக்கு இரண்டு கும்பிடு. முடிக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. கழுத்து வலித்தது. ஆனாலும் ஒரு கடமையை முடித்த திருப்தி இருந்தது.

பாப்பா வந்ததும் பெருமையாகக் காட்டினேன். அவள் ஃபோனை வாங்கினாள். தள்ளினாள். தள்ளிக்கொண்டே இருந்தாள். ஈரத் துணி வாளி இன்னொரு கையில் இருந்தது, அதைக் கீழே வைக்கவேயில்லை.

"சரியாப் போட்டிருக்கேனா?" என்றேன்.

"சரியாத்தான்ப்பா போட்டிருக்கீங்க" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் வேலை முடிந்து வந்ததும் கேட்பேன், என் கும்பிடெல்லாம் அங்கேயே இருக்கிறதா என்று. எடுத்துக் காட்டுவாள். அந்த ஃபோனில் எனக்கு வாசிக்கத் தெரிந்தது அது ஒன்றுதான்.

பதினாலாவது வாரம் பாப்பா பள்ளிக்கூடத்துக்குப் போக மாட்டேன் என்றாள். பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. தலைவலி என்றாள், வயிற்றுவலி என்றாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு ஃபோனைப் பார்த்தாள். ஒரு வாரம் கெஞ்சினோம். இரண்டாவது வாரம் நான் கத்தினேன். "என் தோளை வித்து வாங்கின ஃபோன்டி அது. அதுல உன் மூஞ்சியப் பார்த்துப் பார்த்தே நாசமாப் போயிட்டே" என்று சொன்னேன். ஃபோனைப் பிடுங்கித் தகரப்பெட்டியில் போட்டுப் பூட்டினேன். படிக்கப் பிடிக்காதவளுக்கு வேலை இருக்கிறது, போ என்றேன்.

போ என்றால் போய்விடுவாள் என்று நான் நினைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவள் அம்மாவோடு வேலை செய்கிறவரின் மகள், பஸ்ஸில் ஆறு மணி நேரம் போகிற ஊரில் ஒரு ஷெட்டில் இருந்தாள். ஜனங்கள் ஃபோனில் கேட்கிற சாமான்களைப் பெட்டியில் போட்டு ஒட்டி அனுப்புகிற ஷெட். தங்குமிடமும் அங்கேயே. பாப்பா அவளிடம் கிளம்பிப் போய்விட்டாள். ஃபோனைக் கேட்கவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

வாரத்துக்கு ஒருதரம் தங்குமிடத்து ஃபோனிலிருந்து அவள் அம்மாவின் பழைய பட்டன் ஃபோனுக்குக் கூப்பிடுவாள். ஆளுக்குப் பத்து நிமிஷம். பின்னால் வரிசையில் நிற்கிறவர்களின் பேச்சு கேட்கும். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். தூங்குறியா, தூங்குறேன். அன்றைக்கு நான் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். நாலு பேர் காதில் விழ அதை எப்படிச் சொல்வது? அதற்குள் பத்து நிமிஷம் முடிந்துவிடும். வேறு ஒருத்தரிடம் சொல்லி எழுதவைக்கிற விஷயமும் இல்லை. சொந்தக் கையால் கடிதம் எழுதவேண்டும்.

தொழிலாளர் சங்க அறையில் வாரம் மூன்று நாள் சாயங்காலம் எழுத்துச் சொல்லித்தந்தார்கள். இருபத்திரண்டாவது வாரம் போய்ச் சேர்ந்தேன். நாற்பத்தெட்டு வயசு. மூட்டை பிடித்த விரலுக்குப் பென்சில் அகப்படவில்லை, இரண்டை ஒடித்தேன். கூட்டாளிகள் கேலி செய்தார்கள். "சோடா கலெக்டராகப் போறான், இனிமே மூட்டையெல்லாம் தானா இறங்கும்" என்றான் ஒருவன். ஆறு மாதத்தில் கூட்டி வாசிக்க வந்தது. கடைசி எழுத்தைச் சேர்க்கும் வரை அது என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியாது. சேர்த்த பிறகுதான் அது முகத்தைத் திருப்பும்.

வீட்டில் எழுத்து என்று எது கிடைத்தாலும் வாசியுங்கள் என்று வகுப்பில் சொன்னார்கள். பாப்பாவின் புத்தகங்கள் எனக்கு எட்டாத எழுத்து, அவை போக எங்கள் வீட்டில் ஒரு நாள்காட்டி, ஒரு தீப்பெட்டி, அவள் அம்மாவின் மாத்திரை அட்டை. மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிட்டேன். அப்போதுதான் ஞாபகம் வந்தது. என்னைப் பற்றி அத்தனை பேர் நல்லதாக எழுதியது பெட்டிக்குள் கிடக்கிறதே. அதை விட்டுவிட்டுத் தீப்பெட்டியை வாசித்துக்கொண்டிருக்கிறேனே.

ஃபோனுக்குச் சார்ஜ் போட்டேன். எடைக்காரர் பணம் போட்டுத் தொடர்பு வரவைத்துத் தந்தார். வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, தலை சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் அம்மாவையும் கூப்பிட்டு எதிரில் உட்காரவைத்தேன்.

முதலில் வீடியோவுக்கு மேலே பாப்பா எழுதியது. "எங்க அப்பா. சாப்பிடக்கூட தெம்பு இல்லாம எங்களுக்காக உழைக்கிறார்." அவள் அம்மா முந்தானையை எடுத்துக் கண்ணைத் துடைத்தாள். நான் கீழே தள்ளினேன்.

"கு... டி... கா... ர..." கடைசி எழுத்தைச் சேர்த்தேன். சேர்த்துவிட்டு, தப்பாக வாசித்தோமோ என்று முதலிலிருந்து வாசித்தேன். குடிகாரன். அதன் கீழே என் கும்பிடு.

அடுத்தது: குடித்துவிட்டுக் கிடக்கிறான், இதில் இவனுக்கு வீடியோ ஒரு கேடு. கும்பிடு. அடுத்தது: இந்த மூஞ்சிக்கு ஒரு பெண்ணா, நம்பர் தா. இரண்டு கும்பிடு. அடுத்தது என் வாயைப் பற்றி. அடுத்தது என் சட்டையைப் பற்றி, ஃபோன் வாங்கக் காசிருக்கிறது சட்டை வாங்க இல்லையா என்று. எல்லாவற்றுக்கும் கும்பிடு. இத்தனை கும்பிடும் பாப்பாவின் பெயரில், பாப்பாவின் படத்தோடு. நான் அழுத்தியது அவள் ஃபோன் அல்லவா?

அவள் அம்மா, "இன்னும் எவ்வளவு இருக்கு?" என்றாள்.

"நிறைய."

"உங்களை யாரு எழுத்துக் கத்துக்கச் சொன்னது?" என்று எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நான் விடவில்லை. பதினொரு நாள் சாயங்காலம் உட்கார்ந்து வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் கீழே, என் கும்பிடுக்கு மேலே, முதல் நாள் நான் வாசிக்காமல் தாண்டிய இடத்தில், முன்னமேயே பாப்பா பதில் எழுதியிருந்தாள். "எங்க அப்பா குடிக்க மாட்டார்." "மூணு லாரி இறக்கிட்டு வந்திருக்கார்." "அவரை எல்லாரும் சோடான்னு கூப்பிடுவாங்க, கேட்டுப் பாருங்க." ஒவ்வொருத்தருக்கும், ஒருத்தரையும் விடாமல். அது எந்த நேரத்தில் எழுதியது என்றும் அதில் போட்டிருந்தது. இரவு ஒரு மணி, இரண்டு மணி, மூன்றரை. நான் கும்பிடு போட்ட நாளுக்குப் பிறகு அவள் ஒன்றும் எழுதவில்லை. பிறகு வந்தவர்கள்தான் எழுதியிருந்தார்கள். பேர் கிடைக்கிறது என்று அப்பனைத் திட்டினவனுக்கெல்லாம் கும்பிடு போடுகிறாள் பார் என்று.

பக்கத்து பெஞ்சுக்காரியோடு அவள் பேசியதும் அதில் இருந்தது. அதை வாசித்திருக்கக் கூடாது. வாசித்தேன்.

அந்தப் பெண் எழுதியிருந்தாள்: "நீ க்ளாஸ்ல நுழைஞ்சதும் எல்லாரும் எந்திரிச்சுக் கும்பிடறது கொஞ்ச நாள்ல நின்னுடும்டி. அந்த வீடியோவ அழிச்சிடு."

பாப்பா எழுதியிருந்தாள்: "அப்பா தினமும் பார்க்கறார். அதுல அவர் போட்டது மட்டும்தான் அவருக்கு வாசிக்கத் தெரியும். அழிச்சா ஏன்னு கேப்பார். என்னன்னு சொல்றது?"

அதற்குப் பிறகு நான் கடிதம் எழுதவில்லை. அந்த வாரம் இரண்டு நாள் கூலி போனாலும் போகட்டும் என்று பஸ் ஏறினேன்.

ஷெட் வாசலில் ஒரு சிமெண்ட் பெஞ்ச். காவல்காரர் சொல்லியனுப்பி, பாப்பா வந்தாள். மெலிந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் ஒட்டுநாடா கிழித்த கோடுகள். என் கையில் ஃபோனைப் பார்த்ததும், "இதை எதுக்குப்பா கொண்டு வந்தீங்க? உள்ள விடமாட்டாங்க, கேட்லயே வாங்கி வச்சுப்பாங்க" என்றாள்.

"வாசிச்சேன்" என்றேன்.

"யாரு வாசிச்சுக் காட்டினாங்க?"

"நானேதான். வகுப்புக்குப் போறேன்."

நம்பவில்லை. எதிரே கதவில் மாட்டியிருந்த பலகையைக் காட்டி, "அதுல என்ன இருக்கு, சொல்லுங்க" என்றாள். நான் கூட்டி வாசித்தேன். அனுமதி இல்லாமல் உள்ளே வரக் கூடாது. அவள் சின்னப்பிள்ளை மாதிரி கை தட்டினாள். "அப்பா!" என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் பல் தெரியச் சிரித்ததைப் பார்த்தேன். அந்தச் சிரிப்பு முடிவதற்குள்ளேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. தட்டின கை அப்படியே நின்றது.

"எவ்வளவு வாசிச்சீங்க?"

"நம்ம எழுத்துல இருந்தது எல்லாம்."

பெஞ்சில் உட்கார்ந்தாள். "உங்களுக்கு வாசிக்கத் தெரியாதுங்கறதுதான்ப்பா எனக்கு இருந்த ஒரே தைரியம்" என்றாள்.

தெரியாமல் கும்பிட்டுவிட்டேன் என்றேன். தெரியும் என்றாள். பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்துவிடு, ஒரு வருஷம் போனால் போகிறது, அன்றைக்கு நான் சொன்னதையெல்லாம் மனசில் வைக்காதே என்றேன். சொல்லவேண்டும் என்று எட்டு மாதமாகச் சுமந்தது, இரண்டு மூச்சில் தீர்ந்துவிட்டது.

"உங்க மேல கோவம் இல்லப்பா. ஆனா அங்க எல்லார் கையிலயும் ஃபோன் இருக்கு. இங்க வாசல்லயே வாங்கி வச்சிடறாங்க. எனக்கு இதுதான் நல்லாருக்கு."

பதினேழு வயசுப் பெண் சொல்கிற பேச்சா அது? நான் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ஃபோனைத் திறந்து காட்டினேன். ஆங்கில எழுத்தில் எழுதியவை எனக்கு இன்னும் மூடியேதான் கிடந்தன. அதிலும் என் கும்பிடுகள் இருந்தன. இதெல்லாம் என்ன என்று கேட்டேன்.

அவள் குனிந்து பார்த்தாள். ஒன்றொன்றாகத் தள்ளிப் பார்த்தாள்.

"இதெல்லாம் நல்லா எழுதியிருக்காங்கப்பா."

"அப்படியா?"

"ம்."

சரி என்றேன். வீடியோவை அழித்துவிடலாமா என்று அவள்தான் கேட்டாள். ஒரு இடத்தைக் காட்டி, நீங்களே அழுத்துங்க என்றாள். அழுத்தினேன். நீக்கினால் திரும்பப் பெற முடியாது, நிச்சயமாக நீக்கவா என்று கேட்டது. அதை நானே வாசித்து, நானே அழுத்தினேன். தட்டின் முன்னால் தூங்கிக்கொண்டிருந்த ஆள் போய்விட்டார். உள்ளே மணி அடித்தது. ஃபோன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவள் கதவுக்குள் போனாள். போகிறபோது அந்தப் பலகையைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அவள் வரவில்லை. வாரம் பத்து நிமிஷம் பேசுகிறாள். ஃபோன் தகரப்பெட்டியில் இருக்கிறது.

ஐம்பத்தொன்பதாவது வாரம் மேஸ்திரி கடைசி இருநூற்றைம்பதைப் பிடித்துக்கொண்டு, நோட்டை என் பக்கம் திருப்பி, வழக்கம்போல மை டப்பாவைத் தேடினார். நான் அவர் பேனாவை எடுத்தேன். "மகளுக்கு ஃபோன்" என்று முதல் வரியில் எழுதியிருந்தது. மேலிருந்து கீழே வரை வாசித்தேன், கணக்குச் சரியாக இருந்தது. கடைசி வரிக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதினேன். கொஞ்சம் நேரம் பிடித்தது.

மேஸ்திரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "அடேயப்பா, கையெழுத்தா? யாரு சோடா சொல்லிக் குடுத்தது? மகளா?"

"ஆமாங்க" என்றேன்.

அவர் அந்தப் பக்கத்தின் குறுக்கே ஒரு கோடு இழுத்து, நோட்டை மூடினார்.